பழைய ஜேமால் பக்கங்களை எதற்கு மாற்றுவது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் நடக்கிறது. அதற்காக 2008-லிருந்து ஒவ்வொன்றாகச் செய்து சேர்த்த இணையப் பக்கங்கள் 34. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்குள் சுழலும் ஒரு மூலக்கூறு, பக்கத்தில் நாலைந்து பொத்தான்கள். பெட்டிக்குள் படம் காட்டிக்கொண்டிருந்தது ஜேமால் என்கிற ஜாவா ஆப்லெட், அதாவது இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும் சிறு ஜாவா நிரல்.

பிரவுசர்கள் ஆப்லெட்டைக் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. அப்படியும் நான் சமாளித்துக்கொண்டிருந்தேன். பழைய பயர்பாக்ஸும் பழைய ஜாவாவும் போட்ட ஒரு மடிக்கணினியை இன்டர்நெட் பக்கமே விடாமல் பொத்திப் பொத்தி வைத்து, பாட நேரத்தில் மட்டும் புரொஜெக்டரில் மாட்டிக் காட்டுவேன். போன பள்ளி விடுமுறையில் அதன் பேட்டரி உப்பிக் கீபோர்டையே மேலே தூக்கிவிட்டது. அடுத்த வகுப்பில் ஐந்தாம் படிவப் பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் என் பக்கத்தைத் திறந்து, "டீச்சர், இங்க ஒன்னுமே இல்லையே, வெறும் பெட்டிதான் இருக்கு" என்றாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவனிடம் கேட்டேன். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மோல்ஸ்டார் போடுங்க டீச்சர். இந்தக் காலத்துல ஆப்லெட்டை யார் தேடுறா?" என்றான். அவன் சொன்னதும் ஒரு வழிதான். ஆனால் என் முன்னால் நாலு வழி இருந்தது: பழைய ஆப்லெட்டையே ஏதாவது தந்திரம் செய்து ஓட்டுவது, ஜேமாலின் ஜாவா இல்லாத வடிவமான ஜேஸ்மாலுக்குப் போவது, அல்லது மூலக்கூறு காட்டும் வேறு இரண்டு கருவிகளான த்ரீடிமால், மோல்ஸ்டார். நாலுமே காசில்லாமல் கிடைப்பவை என்பதால் பணப்பேச்சு இல்லை. நேரப்பேச்சுதான்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சீர்ப்ஜே என்று ஒன்று இருக்கிறது. குரோமில் நீட்சியாக (எக்ஸ்டென்ஷன்) சேர்த்துக்கொண்டால் பழைய ஆப்லெட்டை ஜாவா நிறுவாமலேயே பிரவுசருக்குள் ஓட்டிக் காட்டும். கெட்டிக்கார வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் நீட்சியைச் சேர்க்க வேண்டும். பள்ளிக் கணினியில் அதற்கு அனுமதி கிடைக்காது. கைப்பேசி குரோமிலோ நீட்சிக்கே இடமில்லை. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கைப்பேசிதான். பழைய பக்கம் ஒன்றை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டியவர்களுக்கு இது உதவும். தினம் பாடம் நடத்த உதவாது.

மற்ற மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன் ஜேமால் கடந்துவந்த பாதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். என் முடிவு அதில்தான் இருக்கிறது.

ஜேமாலுக்கு முன்னால் சைம் என்ற பிளகின் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருந்தது. 1996-ல் எம்டிஎல் நிறுவனம் வெளியிட்டது. அதற்கு அடிப்படை ராஜர் சேல் எழுதிய ராஸ்மால் என்ற மூலக்கூறு காட்டும் நிரல். 'செலக்ட்', 'ஸ்பேஸ்ஃபில்', 'வயர்ஃப்ரேம்' என்று தட்டச்சு செய்தால் படம் மாறும் அந்தக் கட்டளை மொழி ராஸ்மாலிலிருந்து வந்தது. புதிய பிரவுசர்களில் சைம் நொண்டத் தொடங்கியபோது, அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும்படி ஜேமால் 10 வந்தது. சைமுக்காக எழுதிய பாடங்களை ஆசிரியர்கள் கொஞ்சம் தட்டிக்கொட்டி அப்படியே ஜேமாலுக்குக் கொண்டுபோக முடிந்தது. இதை ஒரு வசதியாக யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் பெரிய வசதி.

அப்புறம் 11, 12 வரிசைகளில் ஒரே கொண்டாட்டம். மூலக்கூறைச் சுற்றி மேற்பரப்பு வரையலாம், மின்னழுத்தத்தை வண்ணத்தில் காட்டலாம், ஆர்பிட்டால் காட்டலாம், படிகங்களை அலகுக் கூட்டோடு காட்டலாம். 12-க்கு வருவதற்குள் மூலக்கூறின் பெயரைச் சொன்னாலே வலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தது. மாடல்கிட் என்ற கருவியால் அணுக்களைச் சேர்த்தும் நீக்கியும் திரையிலேயே மூலக்கூறு கட்ட முடிந்தது. கட்டியதைக் குறைந்த ஆற்றல் நிலைக்குத் தளர்த்தவும் முடிந்தது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் புது வசதிப் பட்டியலைப் படித்துவிட்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து பக்கம் செய்திருக்கிறேன். இப்போது எண்ணிப் பார்த்தால், அந்த வசதிகளில் கால்வாசியைக்கூட ஐந்தாம் படிவ முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு நான் பயன்படுத்தவில்லை. அது ஆசிரியரின் ஆசை, பாடத்தின் தேவை இல்லை.

நான் இப்படி மகிழ்ந்துகொண்டிருந்தபோது அடியில் தரை நழுவியது. 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7-ன் 51-ஆவது புதுப்பிப்பு, முறையான கையொப்பம் இல்லாத ஆப்லெட்டுகளைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. 2015 செப்டம்பரில் குரோம் 45 பழைய வகைப் பிளகின்களை அடியோடு எடுத்துவிட்டது. 2017 மார்ச்சில் பயர்பாக்ஸ் 52 அதே வழியில் போனது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-ல் பிரவுசர் பிளகினே இல்லை. கடைசியாகத் தாங்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கும் மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ஆம் தேதி ஆதரவை நிறுத்திக்கொண்டது.

ஆப்லெட் விழுவதற்குள்ளேயே ஜேமால் குழு மாற்று வழி பார்த்துவிட்டது. அமெரிக்காவின் செயின்ட் ஓலஃப் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த பாப் ஹான்சன்தான் இதில் முன்னால் நின்றவர். ஜேமாலைப் புதிதாக எழுதாமல், ஜாவா2ஸ்கிரிப்ட் என்ற கருவியைக் கொண்டு அதன் ஜாவா மூல நிரலையே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றினார்கள். அதுதான் ஜேஸ்மால். ஒரே மூலத்திலிருந்து இரண்டும் வருவதால், கணினியில் தனியாக ஓடும் ஜேமாலில் ஒரு கட்டளை என்ன செய்யுமோ அதையே பிரவுசரில் ஜேஸ்மாலும் செய்யும். 14-ஆவது வரிசையிலிருந்து ஜேஸ்மாலும் தொகுப்போடு சேர்ந்தே வருகிறது.

சரி, இது உண்மையா என்று சோதித்துப் பார்க்க என் பக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்ததை எடுத்தேன். ரப்பர் பக்கம்.

ஐந்தாம் படிவத்தில் பாலிமர் பாடத்தில் இயற்கை ரப்பர் வருகிறது. என்னிடம் வரும் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவர்கள். ஒட்டுப்பால் நாற்றம் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டாவது தெரிந்திருக்கும். அதனால் அந்தப் பாடத்துக்கு மட்டும் தனியாக மெனக்கெடுவேன். பக்கத்தில் இரண்டு பெட்டி. இடதுபக்கம் இயற்கை ரப்பர், சிஸ் பாலிஐசோப்ரீன். வலதுபக்கம் அதே ஐசோப்ரீன் அலகுகள், அதே எண்ணிக்கை, ஆனால் டிரான்ஸ் வடிவம். அதுதான் கட்டாப்பெர்ச்சா. பெயரே மலாயின் 'கெத்தா'விலிருந்து வந்தது. இழுத்தால் நீளாது, சாதாரண வெப்பத்தில் விறைப்பாக இருக்கும், சுடுதண்ணீரில் போட்டால் இளகும். 1870-ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாகச் சுற்றியது இதைத்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாடம் இதுதான்: இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் உள்ள நாலு கார்பனைத் தொட்டு, அவற்றுக்கிடையே உள்ள திருகுகோணத்தை, அதாவது அந்தச் சங்கிலி நடுப்பிணைப்பில் எவ்வளவு திருகியிருக்கிறது என்பதை, அளக்க வேண்டும். ஜேமாலில் முதல் அணுவை இரட்டைச் சொடுக்கு, அடுத்த இரண்டை ஒற்றைச் சொடுக்கு, நாலாவதை மறுபடி இரட்டைச் சொடுக்கு. சிஸ் வடிவத்தில் 0 டிகிரிக்குப் பக்கத்தில் எண் வரும். டிரான்ஸில் 180-க்குப் பக்கத்தில். புத்தகத்தில் 'ஒரே பக்கம், எதிர்ப்பக்கம்' என்று படித்தால் மனப்பாடம்தான். தானே தொட்டு அந்த எண்ணை வரவழைக்கும் பிள்ளை, அடுத்த நிமிஷமே சங்கிலியைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "அதனாலதான் இது வளைஞ்சு வளைஞ்சு போகுது, அது நேரா அடுக்கிக்குது" என்று தானே சொல்லும். அது சொன்ன பிறகு நான் விளக்க வேண்டியது பாதிதான்.

பழைய பக்கத்தில் தலைப்பகுதியில் நாலைந்து வரியை மாற்றினேன். ஜேஸ்மால் தொகுப்பில் 'ஜேமால்2' என்ற சிறிய கோப்பு இருக்கிறது. பழைய ஜேமால் பொத்தான் கட்டளைகளை அப்படியே எடுத்துப் புதியதற்குச் சொல்லிக்கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் மாதிரி. பதினைந்து நிமிஷத்தில் இரண்டு பெட்டியிலும் படம் வந்துவிட்டது. பொத்தான்கள் எல்லாம் வேலை செய்தன. அளவெடுப்பும் அப்படியே. 2009-ல் எழுதிய கட்டளை, ஜாவாவே இல்லாத கைப்பேசியில் ஓடியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே வெற்றிவிழா கொண்டாடவும் முடியவில்லை. ஜேஸ்மால் தொகுப்பில் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் உண்டு. தேவைப்படும்போது தேவைப்பட்டதை மட்டும் இழுத்துக்கொள்ளும். என் தளத்துக்கு ஏற்றும்போது பாதி வழியில் வீட்டு இணைப்பு அறுந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் பக்கம் திறக்கிறது, மூலக்கூறு வருகிறது, 'மேற்பரப்பு' பொத்தானை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. என் கட்டளையில்தான் பிழை என்று இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் மேற்பரப்புக்கான கோப்பு ஏறவே இல்லை. இதற்குப் போகிறவர்கள் தொகுப்பைச் சுருக்கிய கோப்பாகவே ஏற்றி, அங்கே போய் விரியுங்கள்.

இன்னொரு சிறு தொல்லை, நீளத்தை அளந்தால் ஜேமால் வழக்கப்படி நானோமீட்டரில் சொல்லும். பாடநோட்டில் ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) எழுதியிருந்த பையன் 0.13-ஐப் பார்த்துவிட்டு, "டீச்சர், பத்து மடங்கு தப்பா இருக்கே" என்றான். ஒரு கட்டளையில் மாற்றிவிடலாம். ஆனால் நான் மாற்றவில்லை. அலகு மாற்றத்தைக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

ஜேஸ்மாலின் உண்மையான குறை வேகம். படத்தை வரைய கணினியின் கிராபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தாமல், வழக்கமாக எல்லாப் புள்ளியையும் ஜாவாஸ்கிரிப்டே கணக்குப் போட்டு வரைகிறது. நூறு இருநூறு அணுவுக்கு ஒன்றும் தெரியாது. நான்காயிரத்துக்கும் மேல் அணுக்கள் உள்ள ஹீமோகுளோபினை மலிவுக் கைப்பேசியில் விரலால் திருப்பினால், விரல் ஒரு பக்கம் போக படம் மெதுவாக நொண்டிக்கொண்டு பின்னால் வரும். பழைய ஜாவா ஆப்லெட் இதைவிடச் சுறுசுறுப்பு. இதை ஜேஸ்மால் பிரியர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் த்ரீடிமாலும் மோல்ஸ்டாரும் முன்னுக்கு வருகின்றன. இரண்டுமே பிரவுசரில் உள்ள வெப்ஜிஎல் என்ற வசதி வழியாகக் கிராபிக்ஸ் சிப்பிடம் வேலையைக் கொடுத்துவிடும். வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

த்ரீடிமால் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எனக்கு இதில் பிடித்தது அதன் எளிமை. பக்கத்தில் ஒரு பெட்டிக்கான குறிச்சொல்லை எழுதி, அதற்குள் பப்கெம் என்ற வேதிப்பொருள் தரவுத்தளத்தில் அந்த மூலக்கூறுக்கு உள்ள எண்ணைக் கொடுத்தால் போதும். கஃபீன் என்றால் 2519. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட எழுதாமல் படம் வந்துவிடும். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர் ஒருவர் இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறார் என்றால், வேறு யோசனையே வேண்டாம், இதைத்தான் சொல்வேன். இன்னொரு நன்மையும் உண்டு. மூலக்கூறின் தரவைப் பக்கத்துக்குள்ளேயே எழுதிவைத்து, நிரல் கோப்பையும் கூடவே போட்டுப் பென்டிரைவில் கொடுத்துவிடலாம், இணைப்பே இல்லாத ஆய்வுக்கூடத்திலும் திறக்கும். ஜேஸ்மாலைப் பென்டிரைவிலிருந்து குரோமில் திறந்தால் பாதுகாப்புக் காரணம் காட்டிப் பிரவுசர் தடுத்துவிடும். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் என் தோழிக்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

ஆனால் த்ரீடிமாலில் அந்த நாலு அணுவைத் தொட்டுக் கோணம் அளக்கும் வேலை தயாராக இல்லை. செய்யலாம், அணுவைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று நானே நிரல் எழுத வேண்டும். அணுவைச் சேர்த்து மூலக்கூறு கட்டுவதும், கட்டியதைத் தளர்த்துவதும் அதன் வேலையே இல்லை. அது காட்டும் கருவி. ஜேமாலோ தொட்டுப் பார்க்கும் கருவி. என் ரப்பர் பக்கத்தின் உயிர் அந்தத் தொடுதலில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுழலும் பொம்மைதான் மிச்சம்.

அப்புறம் மோல்ஸ்டார். என் மாணவன் சொன்னதில் தப்பில்லை, இன்றைக்குப் புரதங்களுக்கு இதை மிஞ்சியது கிடையாது. புரத வடிவங்களைச் சேர்த்துவைக்கும் உலகப் புரதத் தரவு வங்கியின் தளத்திலும், புரத வடிவங்களைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்திலும் படம் காட்டுவது இதுதான். எச்ஐவி வைரஸின் உள்கூடு, 24 இலட்சம் அணுக்கள், அதையே பிரவுசரில் திறந்து சுழற்றலாம். அளவெடுப்பும் உண்டு. அவன் தன் கணினியில் அந்த உள்கூட்டைத் திருப்பிக் காட்டியபோது எனக்கும் வாய் பிளந்தது.

அதையே நான் என் கைப்பேசியில் ஐசோப்ரீனுக்குத் திறந்தேன். 13 அணு. சுற்றிலும் பலகைகள், பட்டியல்கள், சின்னச் சின்னக் குறிகள். மேலே புரத வரிசையைக் காட்டும் பட்டை வேறு. ஐசோப்ரீனில் எங்கே இருக்கிறது புரதம்? இவற்றையெல்லாம் மூடிவைத்து என் பொத்தான்களை மட்டும் காட்டலாம், அவனே செய்து தருவதாகவும் சொன்னான். ஆனால் அப்படிச் செய்தால் 34 பக்கத்தின் கட்டளைகளையும் புதிதாக எழுத வேண்டும். அடுத்த வருஷம் அவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டால் அவற்றைப் பராமரிப்பது யார்? கட்டளை மொழி என் கையில் இருக்கும் வரைதான் பக்கம் என் பக்கம்.

"அப்படின்னா பழசையே கட்டிக்கிட்டு அழப்போறீங்களா டீச்சர்?" என்று கேட்டான். அழப்போவதில்லை என்றேன், பிரித்துக்கொள்ளப் போகிறேன்.

தாளில் எழுதிப் பிரித்தேன். பிள்ளைகள் அளக்க வேண்டிய, கட்ட வேண்டிய, பொத்தானுக்குப் பொத்தான் கதை நகர்கிற பக்கங்கள் 21. அவை ஜேஸ்மாலுக்கு. வெறுமனே சுழற்றிப் பார்த்தால் போதும் என்ற சின்ன மூலக்கூறுகள், எத்தனால், எஸ்டர், சோப்பு மாதிரி, 10 பக்கம். அவை த்ரீடிமாலுக்கு, ஏனென்றால் கைப்பேசியில் சட்டென்று திறக்கும், பிரீபெய்டு டேட்டாவையும் அதிகம் தின்னாது. மீதி மூன்று, ஹீமோகுளோபின் உட்பட, ஆறாம் படிவப் பிள்ளைகள் ஆசைக்காகக் கேட்டுச் செய்த புரதப் பக்கங்கள். அவற்றை அவனிடமே கொடுத்துவிட்டேன், மோல்ஸ்டாரில் போட்டுக்கொள்ளட்டும்.

வேலை போய்க்கொண்டிருக்கிறது. 21-ல் 17 பக்கம் அந்த 'ஜேமால்2' கோப்பின் புண்ணியத்தில் ஒரு வார இறுதியில் முடிந்தன. நாலு பக்கம் இன்னும் அடம்பிடிக்கின்றன. தொடக்க காலத்தில் ஜேமாலின் பொத்தான் கட்டளைகள் தெரியாமல் ஆப்லெட் குறிச்சொல்லை நேராகக் கையால் எழுதிய பக்கங்கள் அவை. அங்கே மொழிபெயர்ப்பாளருக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை, பெட்டியை முதலிலிருந்து கட்ட வேண்டும். இதே மாதிரி பழைய பக்கங்கள் வைத்திருப்பவர்கள் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொன்றின் மூலத்தையும் திறந்து, எத்தனை பக்கம் இந்த வகை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நேரம் அங்கேதான் போகும்.

பொத்தான்களின் மேல் இப்போது மலாயும் தமிழும் சேர்த்து எழுதுகிறேன், 'இக்காத்தான் கண்டா டுவா' என்று மேலே, 'இரட்டைப் பிணைப்பு' என்று கீழே. எழுத்தெல்லாம் மூலக்கூறுப் பெட்டிக்கு வெளியே, சாதாரணப் பக்கத்திலேயே இருப்பதால், நாளைக்குப் பெட்டிக்குள் எந்தக் கருவி மாறினாலும் இவற்றைத் தொட வேண்டியிருக்காது.

போன சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடி ரப்பர் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்தாள். விரல் பருமனுக்கு அணு அகப்படாமல் மூன்று தடவை தவறவிட்டாள். பெரிதாக்கிக்கொண்டு நாலாவது தடவை நாலு கார்பனையும் பிடித்தாள். 179.8 என்று வந்தது.

"180 இல்லையா டீச்சர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணி நேரமானது.